பழைய கணினிக்குப் புதிய கிராபிக்ஸ் அட்டை: பணம் கொடுக்கும் முன் ஒரு சோதனை

2016 அல்லது 2017இல் வாங்கிய விளையாட்டுக் கணினி உங்கள் வீட்டில் இருந்தால், இது உங்களுக்குப் பழக்கமானதாக இருக்கும். புதிதாக வந்த விளையாட்டைத் திறந்ததும் காற்றாடி இரையத் தொடங்குகிறது. கூட்டமும் வெடிப்பும் நிறைந்த இடம் வந்தால் படம் விட்டுவிட்டு நகர்கிறது. “கிராபிக்ஸ் கார்டை மாத்திடு, எல்லாம் சரியாயிடும்” என்கிறார் நண்பர். கடையில் விசாரித்தால், நடுத்தர வகைப் புதிய அட்டை ஒன்றின் விலையே ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டுகிறது.

எஸ்.பி.எம். முடித்துவிட்டு முதன்முதலாக வேலைக்குப் போகும் பிள்ளைக்கு இது சிறிய தொகை அல்ல. 2025இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். அதில் பாதிக்கு மேல் ஒரே பொருளுக்குப் போய்விடும். அவ்வளவு கொடுத்த பிறகும் விளையாட்டு முன்போலவே திணறினால்? அப்படியும் நடக்கிறது. அங்கெல்லாம் குறை அட்டையில் இருந்திருக்காது. வேறோர் உறுப்பில் இருந்திருக்கும். குறை எங்கே என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே கண்டுபிடிக்கலாம். அதற்கு அரை மணி நேரமும் ஒரு தாளும் பேனாவும் போதும்.

அட்டையின் வேலை என்ன?

திரையில் நாம் காணும் அசைவு, அடுத்தடுத்து வரும் அசையாப் படங்களின் வரிசைதான். ஒவ்வொரு படத்தையும் ஃபிரேம் என்கிறோம். 1920 × 1080 அளவுள்ள திரையில் ஒரு ஃபிரேமுக்கு 2,073,600 படப்புள்ளிகள். வினாடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமென்றால், ஒவ்வொரு வினாடியும் 124 மில்லியனுக்கும் அதிகமான புள்ளிகளுக்கு நிறம் கணக்கிட வேண்டும்.

கணினியின் மையச் செயலியால் இதைத் தனியே செய்ய இயலாது. 2017இல் வெளிவந்த இன்டெல் கோர் ஐ5-7400 செயலியில் இருப்பவை நான்கு கோர்கள். ஏறக்குறைய அதே காலத்து என்விடியா ஜிடிஎக்ஸ் 1060 அட்டையின் 6 ஜிகாபைட் வகையிலோ 1,280 சிறு கோர்கள் உள்ளன. நான்கு கணிதப் பேராசிரியர்களையும் 1,280 ஆறாம் ஆண்டு மாணவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். கடினமான ஒரு கணக்கைப் பேராசிரியர்தான் விரைவாகச் செய்வார். ஆனால் இருபது லட்சம் எளிய கூட்டல்களைச் செய்யச் சொன்னால் மாணவர் படைதான் முதலில் முடிக்கும். ஒவ்வொரு புள்ளியின் நிறமும் ஓர் எளிய கணக்கு. அதனால்தான் அந்த வேலை அட்டைக்குப் போகிறது.

இருவர் வேலை, ஒருவர் வேகம்

ஒரு ஃபிரேம் இரண்டு கட்டங்களில் உருவாகிறது. முதலில் மையச் செயலி: எதிரி எங்கே நிற்கிறான், குண்டு யார்மேல் பட்டது, எந்தப் பொருள் எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதையெல்லாம் கணக்கிட்டு, வரைய வேண்டியவற்றைப் பட்டியலிட்டு அட்டையிடம் கொடுக்கிறது. அட்டை அதைப் பார்த்து வரைகிறது. அட்டை வரைந்துகொண்டிருக்கும்போதே செயலி அடுத்த ஃபிரேமின் பட்டியலைத் தயாரிக்கிறது.

மாமாக் கடையில் ரொட்டி சானாய் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் மாவை வீசுகிறார், இன்னொருவர் கல்லில் சுடுகிறார். வீசுபவர் நிமிடத்துக்கு மூன்று வீசுகிறார், சுடுபவரால் இரண்டுதான் முடிகிறது என்றால், மேசைக்கு வருவது இரண்டு ரொட்டிதான். கடைக்காரர் ஆறு ரொட்டி சுடக்கூடிய பெரிய கல் வாங்கிப் போட்டாலும் ஆறு வராது. மூன்றுதான் வரும், ஏனென்றால் இப்போது வீசுபவர்தான் மெதுவானவர்.

இதை எண்களில் பார்ப்போம். ஒரு விளையாட்டில் ஒரு ஃபிரேமுக்குச் செயலி 12 மில்லிவினாடியும் அட்டை 25 மில்லிவினாடியும் எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். மெதுவான கட்டம் 25. எனவே வினாடிக்கு 40 ஃபிரேம். இரண்டு மடங்கு வேகமான அட்டை போட்டால் அதன் நேரம் 12.5 ஆகிறது, நமக்கு 80 ஃபிரேம் கிடைக்கிறது. நல்ல பலன். மூன்று மடங்கு வேகமான அட்டை என்றால் 8.3. ஆனால் செயலிக்கு இன்னும் 12 தேவை. எனவே 83 ஃபிரேமோடு நின்றுவிடும். ஐந்து மடங்கு வேகமான அட்டைக்கும் அதே 83தான். கூடுதலாகக் கொடுத்த பணம் சும்மா உட்கார்ந்திருக்கும்.

இப்போது எண்களை இடம் மாற்றுங்கள். செயலிக்கு 25, அட்டைக்கு 12. அப்போதும் 40 ஃபிரேம்தான். திரையில் தெரியும் திணறலும் அதேதான். ஆனால் இந்தக் கணினியில் எந்த அட்டையைப் போட்டாலும் 40 ஃபிரேம் 41 ஆகாது.

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு கணினிகளும் ஒன்றுபோலத் தெரியும். அதனால்தான் சோதனை தேவைப்படுகிறது.

வீட்டிலேயே ஒரு பரிசோதனை

பள்ளியில் படித்த அறிவியல் செயற்பாங்கு இங்கே உதவும். தற்சார்பு மாறி: திரையின் தெளிவளவு. சார்பு மாறி: வினாடிக்குக் கிடைக்கும் ஃபிரேம். கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள்: மற்ற எல்லாம், அதாவது அதே விளையாட்டு, அதே காட்சி, அதே நிழல் அமைப்பு, அதே அறை வெப்பம்.

1. நீங்கள் அதிகம் விளையாடும் விளையாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ‘பெஞ்ச்மார்க்’ வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால், ஒரே இடத்தில் ஒரே பாதையில் இரண்டு நிமிடம் நடங்கள்.

2. அமைப்புகளில் வி-சிங்க், ஃபிரேம் வரம்பு, படத்தைப் பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போன்ற வசதிகள் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். வரம்பு 60 என்று இருந்தால் சோதனை முழுவதும் 60தான் காட்டும்.

3. வழக்கமான 1920 × 1080 அளவில் மூன்று முறை ஓட்டி, சராசரியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

4. தெளிவளவை மட்டும் 1280 × 720க்குக் குறைத்து, மறுபடியும் மூன்று முறை ஓட்டுங்கள்.

1280 × 720 அளவில் 921,600 புள்ளிகளே உள்ளன. முன்பிருந்ததில் 44 விழுக்காடு. அட்டையின் சுமை பாதிக்கும் கீழே இறங்குகிறது. மையச் செயலியின் வேலை கிட்டத்தட்ட மாறுவதில்லை. திரையில் புள்ளி குறைந்தாலும் எதிரிகளின் எண்ணிக்கை குறையாது அல்லவா?

ஆக, ஃபிரேம் எண்ணிக்கை 40இலிருந்து 65, 70 என்று துள்ளினால் அட்டைதான் தடை. புதிய அட்டை பலன் தரும். 40இலிருந்து 42 வரைதான் நகர்ந்தது என்றால் தடை செயலியில் அல்லது ரேமில் இருக்கிறது. அட்டை வாங்குவது வீண். இடைப்பட்ட எண் வந்தால் இரண்டும் ஏறக்குறைய சமம். அப்போது விலை உயர்ந்த அட்டை தேவையில்லை, அளவான ஒன்றே போதும். கிடைத்த எண்ணுக்கு இன்னொரு பயனும் உண்டு: 720 அளவில் கிடைக்கும் ஃபிரேம் எண்ணிக்கைக்கு இப்போதைய செயலி ஈடுகொடுக்கும் என்று அதுவே சொல்லிவிடுகிறது.

விண்டோசின் டாஸ்க் மேனேஜரில் அட்டையின் பயன்பாட்டு விழுக்காட்டையும் பாருங்கள். விளையாடும்போது அது 95க்கு மேலேயே நின்றால் அட்டை முழு மூச்சாக உழைக்கிறது. ஃபிரேம் குறைவாக இருக்கும்போதும் 60, 70இல் அலைந்தால், அட்டை பட்டியலுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது.

வேலரண்ட், கவுண்டர்-ஸ்டிரைக் 2, டோட்டா 2 போன்ற போட்டி விளையாட்டுகள் பெரும்பாலும் செயலியைத்தான் அதிகம் சோதிக்கும். காடு, மழை, ஒளி என்று நுணுக்கமாக வரையப்பட்ட கதை விளையாட்டுகள் அட்டையைச் சோதிக்கும். நீங்கள் விளையாடாத விளையாட்டின் சோதனை முடிவைக் காணொளியில் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

சராசரி நன்றாக இருந்தும் தடுக்கிறதா?

சில கணினிகளில் சராசரி 60 இருக்கும். ஆனாலும் திரும்பும்போதெல்லாம் ஒரு கணம் உறையும். இதற்கு அட்டையின் நினைவகம் நிரம்பியிருப்பது பொதுவான காரணம். சுவரின் கல், உடையின் துணி போன்ற மேற்பரப்புப் படங்கள் அட்டையின் சொந்த நினைவகத்தில் இருக்க வேண்டும். ஜிடிஎக்ஸ் 1060இன் நினைவகம் வினாடிக்கு 192 ஜிகாபைட் வேகத்தில் தரவு தரும். இடம் போதாமல் கணினியின் ரேமிலிருந்து தாய்ப்பலகை வழியே கொண்டுவந்தால், அந்தப் பாதையின் வேகம் வினாடிக்குச் சுமார் 16 ஜிகாபைட்டே. பன்னிரண்டு மடங்கு மெதுவு. வீட்டுக் குளிர்பெட்டியில் இருக்கும் பொருளுக்கும் சந்தைக்குப் போய் வாங்கிவரும் பொருளுக்கும் உள்ள வேறுபாடு இது.

இதற்கு முதல் மருந்து இலவசம்: ‘டெக்ஸ்சர்’ அமைப்பை ஒரு படி குறைத்துப் பாருங்கள். உறைவது நின்றால் காரணம் தெரிந்துவிட்டது. புதிதாக வாங்கும்போது 8 ஜிகாபைட்டுக்குக் குறைந்த அட்டையைத் தொடாதீர்கள்.

முதலில் செலவு குறைந்த வைத்தியம்

அட்டைதான் தடை என்று தெரிந்தாலும் உடனே கடைக்கு ஓட வேண்டாம்.

தூசு. நம் நாட்டு வெப்பத்தில் இது முக்கியம். காற்றாடி எவ்வளவு சுழன்றாலும் அட்டையை அறை வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோக முடியாது. குளிரூட்டி ஓடும் 22 பாகை அறையைவிட, ஓடாத 32 பாகை அறையில் அட்டையும் ஏறத்தாழ 10 பாகை கூடுதலாகச் சூடேறும். அதன்மேல் தூசுப் போர்வையும் இருந்தால், எல்லை வெப்பத்தை எட்டியதும் அட்டை தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கணினியை அணைத்து, மின்கம்பியைக் கழற்றி, வெளியே கொண்டுபோய்த் தூரிகையாலும் காற்றாலும் சுத்தம் செய்யுங்கள். காற்று அடிக்கும்போது காற்றாடி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

ரேம். பல பழைய கணினிகளில் 8 ஜிகாபைட் ரேம் ஒரே குச்சியாக இருக்கும். ஐ5-7400 போன்ற செயலிக்கு ஒரு டிடிஆர்4-2400 குச்சி வினாடிக்கு 19.2 ஜிகாபைட் தரவு தரும். ஒரே மாதிரி இரண்டு குச்சிகளைச் சரியான துளைகளில் பொருத்தினால் 38.4 ஜிகாபைட். செயலிதான் தடை என்று சோதனை சொன்னவர்கள் இதையே முதலில் பார்க்க வேண்டும்.

அமைப்புகள். நிழல், பிரதிபலிப்பு, மூடுபனி ஆகிய மூன்றும் அட்டையின் நேரத்தை அதிகம் தின்பவை. ‘அல்ட்ரா’விலிருந்து ‘ஹை’க்கு இறங்கினால் கண்ணுக்கு அதிகம் தெரியாது, எண்ணில் தெரியும். ஏஎம்டி நிறுவனத்தின் எஃப்எஸ்ஆர் 2 வசதி உள்ள விளையாட்டில் அதையும் போட்டுப் பாருங்கள். குறைந்த அளவில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் இந்த வசதி, ஜிடிஎக்ஸ் 1060 போன்ற பழைய அட்டையிலும் வேலை செய்யும். என்விடியாவின் டிஎல்எஸ்எஸ்ஸுக்கு ஆர்டிஎக்ஸ் வகை அட்டை வேண்டும்.

உங்கள் திரையையும் மறந்துவிடாதீர்கள். அது 60 ஹெர்ட்ஸ் திரை என்றால், வினாடிக்கு 60 முறைதான் படத்தைப் புதுப்பிக்கும். 60க்கு மேல் கிடைக்கும் ஃபிரேம்களுக்காக ஆயிரம் ரிங்கிட் கொடுப்பதில் அதிகப் பொருளில்லை.

மின்சாரக் கணக்கு

இனி, வாங்குவது என்றே முடிவு செய்தவர்களுக்கு. முதலில் பவர் சப்ளையின் பக்கவாட்டில் ஒட்டியுள்ள அட்டவணையைப் படியுங்கள். திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம். கிராபிக்ஸ் அட்டை 12 வோல்ட்டில் இயங்குகிறது. 170 வாட் எடுக்கும் ஆர்டிஎக்ஸ் 3060க்கு 14 ஆம்பியருக்கும் மேல் மின்னோட்டம் தேவை. செயலியின் தேவை தனி. எனவே பெட்டியின்மேல் பெரிதாக அச்சிட்ட வாட் எண்ணைவிட, 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்பதே முக்கியம். பெயர் தெரியாத மலிவுப் பெட்டிகளில் இந்த இரண்டும் பொருந்தாமல் இருக்கும்.

ஜிடிஎக்ஸ் 1060க்கு என்விடியா பரிந்துரைத்தது 400 வாட் பவர் சப்ளை. ஆர்டிஎக்ஸ் 3060, 4060 இரண்டுக்கும் பரிந்துரை 550 வாட். எட்டு ஆண்டு ஓடிய பவர் சப்ளை என்றால், அதன் மாற்றுச் செலவையும் அட்டையின் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள். இங்கே மிச்சம் பிடித்தால், அது கெடும்போது மற்ற உறுப்புகளையும் சேர்த்துக் கெடுத்துவிடலாம்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஜிடிஎக்ஸ் 1060 எடுப்பது 120 வாட். 2023இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060 எடுப்பது 115 வாட். ஆனால் வேகம் இரண்டு மடங்குக்கும் மேல். பழையதில் 4.4 பில்லியன் டிரான்சிஸ்டர்கள், புதியதில் 18.9 பில்லியன், அதுவும் இன்னும் சிறிய சில்லில். டிரான்சிஸ்டர் சுருங்கச் சுருங்க, ஒரே மின்சாரத்தில் அதிக வேலை நடக்கிறது. ஆனால் மின்கட்டணம் மிச்சமாகும் என்பதற்காக அட்டையை மாற்றாதீர்கள். 185 வாட் எடுக்கும் ஆர்எக்ஸ் 580ஐ மாற்றி 70 வாட் குறைத்தாலும், நாளுக்கு மூன்று மணி நேரம் விளையாடுபவருக்கு ஆண்டுக்குச் சுமார் 77 யூனிட்தான் மிச்சம். யூனிட்டுக்கு 50 சென் என்று வைத்துக்கொண்டால் 38 ரிங்கிட்.

பொருந்துமா?

அட்டையின் நீளத்தையும் பெட்டியின் உள் இடத்தையும் அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள். அதைவிட எளிதில் கண்ணில் படாதது தரவுப் பாதை. பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 தலைமுறைத் தாய்ப்பலகையில் ஒரு தடத்துக்கு வினாடிக்குச் சுமார் 1 ஜிகாபைட், 4.0 தலைமுறையில் அது இரு மடங்கு. புதிய மலிவு அட்டைகள் 16 தடங்களுக்குப் பதில் 8 தடங்களையும், சில 4 தடங்களையும் மட்டுமே பயன்படுத்துகின்றன. 2022இல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி 4 தடங்கள், 4 ஜிகாபைட் நினைவகத்தோடு வந்தது. பழைய தாய்ப்பலகையில் அதற்குக் கிடைப்பது வினாடிக்கு 4 ஜிகாபைட் பாதை. நினைவகம் நிரம்பினால் வேகம் வெகுவாகச் சரியும். விலை குறைவு என்பதால் பழைய கணினிக்காரர்களே இத்தகைய அட்டையை அதிகம் நாடுவார்கள். அவர்களுக்குத்தான் இது பொருந்தாது. 8 தட அட்டையில் இழப்பு பொதுவாகச் சிறியது.

காலக்கெடு

சில கேள்விகளுக்கு வேகம் விடை சொல்லாது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. ஐ5-7400 போன்ற ஏழாம் தலைமுறைச் செயலி விண்டோஸ் 11இன் அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லை. ஜிடிஎக்ஸ் 10 வரிசை அட்டைகளுக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர் வெளியீடு 2025 அக்டோபரோடு முடிவதாகவும், பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்றும் என்விடியா அறிவித்தது. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ், 2025 மே மாதம் வந்த டூம்: த டார்க் ஏஜஸ் ஆகிய விளையாட்டுகளுக்கு ஒளிக்கதிர்த் தடத்தைக் கணக்கிடும் வன்பொருள் கட்டாயம். பழைய அட்டையில் எதைக் குறைத்தாலும் அவை முறையாக ஓடா.

ஆகவே, உங்கள் பழைய விளையாட்டுகள் நன்றாக ஓடினால் அவசரம் எதுவும் இல்லை. இத்தகைய புதிய விளையாட்டுகள்தான் வேண்டுமென்றால் அமைப்பை மாற்றிப் பயனில்லை.

கைமாறிய அட்டை வாங்கலாமா?

வாங்கலாம், கண்ணைத் திறந்துகொண்டு. 2022 செப்டம்பர் 15இல் எத்தீரியம் மின்பணம் தன் முறையை மாற்றிக்கொண்டபோது, அதைத் தோண்டப் பயன்பட்ட ஏராளமான அட்டைகள் தேவையற்றுப் போய்ப் பழைய பொருள் சந்தைக்கு வந்தன. இரவு பகலாக ஓடிய அட்டையில் முதலில் தேய்வது காற்றாடியும், சில்லின்மேல் பூசிய வெப்பப் பசையும்தான். இரண்டையும் மாற்றலாம், ஆனால் விலையில் அதைக் கழித்துக் கேளுங்கள்.

பெயரை மட்டும் நம்பாதீர்கள். ஆர்எக்ஸ் 580 என்ற பெயரிலேயே 2,304 கோர் உள்ளதும் 2,048 கோர் உள்ளதும் உண்டு. பழைய அட்டையில் மென்பொருளை மாற்றி எழுதிப் புதிய பெயரில் விற்பவர்களும் உள்ளனர். விற்பவரின் முன்னிலையிலேயே ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் கோர் எண்ணிக்கையையும் நினைவக அளவையும் பாருங்கள். பிறகு ஒரு விளையாட்டைப் பதினைந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். இதற்கு விற்பவர் மறுத்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

முடிவு எப்படி எடுப்பது?

சோதனையில் தெளிவளவைக் குறைத்தபோது ஃபிரேம் நன்றாக உயர்ந்தது, தூசு தட்டியும் அமைப்பைக் குறைத்தும் போதவில்லை, பவர் சப்ளையும் இடமும் பொருந்துகின்றன என்றால் அட்டையை வாங்குங்கள். செயலியின் எல்லைக்கு ஈடான நடுத்தர அட்டை போதும். நாளை முழுக் கணினியை மாற்றும்போது அந்த அட்டையைக் கழற்றிப் புதியதில் பொருத்திக்கொள்ளலாம். அந்தப் பணம் வீணாகாது.

ஃபிரேம் உயரவில்லை என்றால், முதலில் ரேமைச் சரிபாருங்கள். அடுத்து, உங்கள் தாய்ப்பலகை ஏற்கக்கூடிய மேம்பட்ட செயலி உண்டா என்று பாருங்கள். ஏஎம்டியின் ஏஎம்4 தாய்ப்பலகை வைத்திருப்பவர்களில் பலருக்கு, பயாஸ் மென்பொருளைப் புதுப்பித்தாலே ரைசன் 5000 வரிசைச் செயலி பொருந்தும். ஏழாம் தலைமுறை இன்டெல் வைத்திருப்பவர்களுக்கு அந்த வழி ஏறக்குறைய அடைபட்டுவிட்டது. அவர்கள் அட்டைக்கு ஒதுக்கிய பணத்தை வங்கியில் போட்டுவைத்து, செயலி, தாய்ப்பலகை, ரேம் மூன்றையும் சேர்த்து மாற்றும் நாளுக்குக் காத்திருப்பது நல்லது.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை வந்து புதிய அட்டை கேட்டால், உடனே மறுக்கவும் வேண்டாம், உடனே வாங்கித் தரவும் வேண்டாம். இரண்டு தெளிவளவுகளில் எடுத்த ஆறு எண்களையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவரச் சொல்லுங்கள். வாங்க வேண்டுமா என்பதற்கான விடை பெரும்பாலும் அந்தத் தாளிலேயே இருக்கும்.